வான் பிரவுன் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டுமா?

கேள்வி: நான் ஏரோஸ்பேஸ் முதலாண்டு மாணவன். விடுதி அறைச் சுவரில் வெர்னர் வான் பிரவுன் படத்தை ஒட்டியிருக்கிறேன். அறைத்தோழன் "அந்த ஆள் நாஜி, கழற்று" என்கிறான். அவர் வெறும் பொறியாளர்தானே? ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? நிலவுக்கு மனிதனை அனுப்பிய ஒருவரைப் பற்றி இப்படிப் பேசுவது நியாயமா?

பதில்:

தம்பி, நீங்கள் சொல்வது எந்தப் படமாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடிப்பாகத்தில் இருக்கும் ஐந்து எஃப்-1 எஞ்சின்களுக்கு முன்னால் கோட்டு சூட்டோடு நிற்பார். ஒவ்வொரு எஞ்சினின் வாயும் அவரைவிடப் பெரிதாக இருக்கும். பாலிடெக்னிக் படித்தபோது அதே படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி, டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். ரொம்பப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டு வருத்தப்பட்டவன் எழுதும் பதில் இது. அப்படியே படியுங்கள்.

முதலில் அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடலாம். 1912-ல் பிரஷ்யாவில், இன்று போலந்தில் இருக்கும் விர்சிட்ஸ் என்ற ஊரில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஹிட்லருக்கு முந்தைய அமைச்சரவைகளில் வேளாண் அமைச்சர். அம்மா வாங்கித் தந்த தொலைநோக்கியில் பையனுக்கு வானப் பைத்தியம் பிடித்தது. 1930-ல், பெர்லினில் ராக்கெட் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வலர் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அவர்களிடம் ஆசை இருந்தது, காசு இல்லை. ராணுவத்திடம் காசு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் கனரகப் பீரங்கிகளுக்குக் கட்டுப்பாடு போட்டதே தவிர, ராக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 1932-ல் ராணுவத்தின் வால்டர் டோர்ன்பெர்கர் வந்து கூப்பிட்டபோது இவருக்கு வயது 20. போனார். 22 வயதில் முனைவர் பட்டம். 25 வயதில் பால்டிக் கடலோரம் பீனமுண்ட என்ற இடத்தில் பிரம்மாண்டமான ஆய்வு நிலையத்தின் தொழில்நுட்பத் தலைவர்.

1942 அக்டோபர் 3-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய ஏ-4 ராக்கெட் விண்வெளியின் விளிம்பைத் தொட்டு வந்தது. 14 மீட்டர் உயரம், எரிபொருள் ஆல்கஹால், அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன், சுமார் 25 டன் உந்துவிசை. எரிபொருளைத் தள்ள டர்போ பம்ப், திசை பிடிக்க கைரோஸ்கோப், தீப்பிழம்புக்குள்ளேயே நிற்கும் கிராஃபைட் துடுப்புகள். இன்று நீங்கள் வகுப்பில் படிக்கும் பெரிய திரவ ராக்கெட்டின் உறுப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உருப்படியாக வேலை செய்தது முதன்முதலில் அதில்தான். அது அவர் ஒருவரின் கைவேலை கிடையாது. எஞ்சினின் மூளை வால்டர் தீல். ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்களை ஒரே திசையில் இழுத்துச் செல்லும் திறமை வான் பிரவுனுடையது. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

அந்த ஏ-4 தான் பிறகு வி-2 என்ற பெயரில் நகரங்கள் மீது விழுந்தது. ஒலியைவிட வேகமாக வருவதால் வெடித்த பிறகுதான் அது வரும் சத்தம் கேட்கும். ஓடி ஒளிய நேரம் கிடையாது. 1944 நவம்பர் 25, சனிக்கிழமை மதியம். லண்டன் நியூ கிராஸில் உள்ள வுல்வொர்த்ஸ் கடைக்குப் பாத்திரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். அங்கே வி-2 விழுந்து 168 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் 16-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ரெக்ஸ் சினிமா தியேட்டர் மீது விழுந்த ஒன்றில் 567 பேர். மொத்தம் சுமார் 5,000 பேர் வி-2 விழுந்து இறந்தார்கள்.

சரி, போரில் ஆயுதம் செய்யாத நாடு எது என்று நீங்கள் கேட்கலாம். லண்டன் மீது குண்டு விழுந்தது, ஹாம்பர்க் மீதும் விழுந்தது, இரண்டு பக்கமும் பொறியாளர்கள்தான் செய்து கொடுத்தார்கள். இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆகவே வி-2 எங்கே விழுந்தது என்பதை வைத்து அவரைப் பற்றி நான் முடிவுக்கு வரவில்லை. அது எங்கே, யாரால் செய்யப்பட்டது என்பதுதான் என் படத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து கிழிக்க வைத்தது.

1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்ட மீது குண்டு போட்டன. தீல் அந்த இரவில்தான் இறந்தார். இனி வெட்டவெளியில் தயாரிக்க முடியாது என்று முடிவாகி, நடு ஜெர்மனியில் நோர்ட்ஹவுசென் ஊருக்குப் பக்கத்தில் கோன்ஸ்டைன் என்ற குன்றுக்குள் தொழிற்சாலையைக் கொண்டுபோனார்கள். பெயர் மிட்டல்வெர்க். வேலையாட்கள் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து வந்தார்கள். ஆகஸ்ட் 28-ஆம் தேதியே முதல் கைதிக் கூட்டம் வந்துவிட்டது. அந்தக் கிளை முகாமுக்கு டோரா என்று பெயர் வைத்தார்கள்.

குன்றுக்குள் இரண்டு நீண்ட சுரங்கங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 கிலோமீட்டர். இரண்டையும் ஏணிப்படிபோல இணைக்கும் 46 குறுக்குச் சுரங்கங்கள். கைதிகளுக்குத் தங்கும் கொட்டகை முதலில் கட்டவில்லை. கடைசிக் குறுக்குச் சுரங்கங்களிலேயே நாலடுக்கு மரப்படுக்கை போட்டுப் படுக்க வைத்தார்கள். ஒரு ஷிஃப்ட் எழுந்து போகும், வேலை முடித்த ஷிஃப்ட் வந்து அதே படுக்கையில் விழும். பக்கத்திலேயே பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருப்பார்கள். தூசியும் புகையும் போக வழி இல்லை. எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக வெட்டி, மேலே பலகை போட்டது கழிப்பறை. குடிக்கத் தண்ணீர் தட்டுப்பாடு, குளிக்கச் சொட்டுக்கூட இல்லை. பல வாரங்கள் சூரியனையே பார்க்காதவர்கள் இருந்தார்கள். 1943 கடைசியிலும் 1944 தொடக்கத்திலுமாக, அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும் சுமார் 3,000 பேர் அங்கே செத்தார்கள். இனி உழைக்க முடியாது என்று தெரிந்த இன்னும் 3,000 பேரை ரயிலில் ஏற்றி வேறு முகாம்களுக்குச் சாக அனுப்பினார்கள். ஆரம்பத்தில் டோராவில் பிணம் எரிக்கும் உலை இல்லாததால் உடல்கள் லாரியில் புக்கன்வால்டுக்குத் திரும்பிப் போயின.

நாசவேலை செய்ததாகச் சந்தேகப்பட்டால் தூக்கு. ராக்கெட் பாகங்களைத் தூக்கும் கிரேனிலேயே 1945 மார்ச்சில் பல பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். கத்தாமல் இருக்க வாயில் மரக்கட்டை. மற்ற கைதிகள் அந்த உடல்களைத் தாண்டித்தான் தங்கள் இடத்துக்குப் போக வேண்டும்.

டோராவிலும் அதன் கிளை முகாம்களிலும் மொத்தம் சுமார் 60,000 பேர் அடைக்கப்பட்டார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ராக்கெட் வேலையில் இறந்தவர்கள் அல்ல. சுரங்கம் தோண்டியவர்கள், வேறு ஆயுதங்கள் செய்தவர்கள், கடைசி நாட்களில் வேறு இடங்களுக்கு விரட்டிச் செல்லப்பட்டவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஆனால் பாதியை மட்டும் ராக்கெட் கணக்கில் வைத்தாலும், அது விழுந்து இறந்தவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் அதைச் செய்யும்போதே இறந்திருக்கிறார்கள். தாக்கப்பட்டவர்களைவிடத் தயாரித்தவர்களை அதிகம் கொன்ற ஆயுதம் வேறு ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "வெறும் பொறியாளர்தானே?"

வான் பிரவுன் இருந்தது பீனமுண்டவில். மிட்டல்வெர்க்கின் நிர்வாகம் அவர் கையில் இல்லை. முகாமை நடத்தியது ஹிம்லர் தலைமையிலான நாஜிகளின் எஸ்.எஸ். படை. அவருக்குச் சாதகமான எல்லா வாதமும் இங்கிருந்துதான் தொடங்கும். அவரே போருக்குப் பின் 15, 20 முறை அங்கே போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கைதிகள் உள்ளேயே படுத்துக் கிடந்த மாதங்களிலும் போயிருக்கிறார். ஆனால் அடி விழுவதையோ ஒரு பிணத்தையோ தன் கண்ணால் பார்த்ததில்லை என்றார்.

உயிர் பிழைத்த கைதிகள் சிலர், பிணக்குவியல் அருகே அவரைப் பார்த்ததாகவும், ஒரு கைதியைச் சவுக்கால் அடிக்கச் சொன்னதே அவர்தான் என்றும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பின் வந்த சாட்சியங்கள் இவை. வேறு ஒருவரை அவர் என்று நினைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே அவற்றை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன். அவை இல்லாமலே போதுமான காகிதம் இருக்கிறது.

1944 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ஒரு கடிதம். எழுதியவர் வான் பிரவுன். பெற்றவர் மிட்டல்வெர்க்கின் உற்பத்தித் திட்டத்தைக் கவனித்த அல்பின் சவாட்ஸ்கி. விஷயம் இதுதான்: கைதிகளில் தொழில்நுட்பம் படித்தவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னீர்கள், நான் உடனே புக்கன்வால்டுக்குப் போனேன், தகுதியானவர்களைத் தேடினேன், அவர்களை மாற்றி அனுப்ப முகாம் தளபதி பிஸ்டரிடம் ஏற்பாடு செய்துவிட்டேன். அதே கடிதத்தில், மிட்டல்வெர்க்கில் கைதியாக இருக்கும் பிரெஞ்சு இயற்பியல் பேராசிரியர் ஒருவரை அளவீட்டு வேலைக்குப் பயன்படுத்தலாம், அவருக்குச் சில சலுகைகள் தரலாமா என்றும் கேட்கிறார்.

இதற்கு மூன்று மாதம் முன்பு, 1944 மே 6 அன்று மிட்டல்வெர்க்கில் ஒரு கூட்டம் நடந்தது. பிரான்சிலிருந்து 1,800 தேர்ந்த தொழிலாளர்களைப் பிடித்துவந்து கைதிகளாக்குவது பற்றி அங்கே பேசினார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் பட்டியலில் வான் பிரவுன் பெயர் உண்டு.

நான் 20 வருடத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்த்தவன். அப்படிப்பட்ட கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். டார்கெட் என்ன, எத்தனை முடிந்தது, எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது, எத்தனை ஆள் குறைகிறது என்று வரிசையாகப் போகும். "மேன்பவர் ஷார்ட்டேஜ்" என்று ஒருவர் சொல்வார், ஒரு எண்ணை எழுதுவோம், அடுத்த விஷயத்துக்குப் போவோம். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று நான் நினைத்துப் பார்த்தது, பகலிரவாக இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்த நாளில்தான். அவர் பெயரே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. டோராவோடு அதை ஒப்பிடவே முடியாது, ஒப்பிடவும் இல்லை. ஆனால் அந்த மே 6 கூட்டத்தைப் பற்றி முதலில் படித்தபோது, அந்த அறை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. மேசை, காகிதம், எண்ணிக்கை. 1,800 என்பதும் ஒரு எண்தான். இன்னொன்றும் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு ஷாப் ஃப்ளோருக்கு 15 முறை போய்வந்த பொறியாளருக்கு அங்கே ஆட்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. வெல்டிங் ஏன் பிடிக்கவில்லை, வால்வு ஏன் கசிகிறது என்று தேடிக்கொண்டு போகிறவர் வேலை செய்கிறவனின் கையைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்தப் பிரெஞ்சுப் பேராசிரியரின் பெயர் சார்ல் சத்ரோன். உயிரோடு வெளியே வந்தார். பிறகு ஸ்ட்ராஸ்பூர்கில் பெருமூலக்கூறு ஆய்வு மையத்தை நிறுவிப் பெரும்பெயர் பெற்றார். தன் நினைவுக்குறிப்பில் வான் பிரவுனைப் பற்றி அவர் நல்லவிதமாகவே எழுதியிருக்கிறார். மரியாதையாகப் பேசினார், இந்த நிலையில் உங்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது என்றார், தன் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார், நான் முகத்தில் அடித்தாற்போல மறுத்தேன், அவர் புன்னகையோடு விலகிப் போனார் என்கிறார். என்னை அதிகம் தொந்தரவு செய்யும் காட்சி இதுதான். அவர் கொடூரமானவராக இருந்திருந்தால் கதை எளிதாக இருந்திருக்கும். நல்ல குடும்பத்தில் வளர்ந்த, இங்கிதம் தெரிந்த மனிதர், கோடுபோட்ட கைதி உடையில் நிற்கும் இன்னொரு விஞ்ஞானியிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்த சோதனைக்குத் தேதி குறிக்கப் போகிறார்.

அப்புறம் "வேறு என்ன செய்திருக்க முடியும்" என்ற கேள்வி. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1937-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பின் கொடுத்த வாக்குமூலத்தில் அதை 1939 என்றார். 1940-ல் எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தார். ஹிம்லர் கேட்டார், மறுத்தால் ராக்கெட் வேலையை விட வேண்டியிருக்கும் என்று டோர்ன்பெர்கர் சொன்னார் என்பது அவர் தரப்பு. 1943-க்குள் மேஜருக்குச் சமமான பதவிவரை உயர்ந்தார். 1944 மார்ச்சில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரையே பிடித்துக்கொண்டு போனது. போர் தோற்கத்தான் போகிறது, எங்கள் மனசெல்லாம் விண்கலத்தில்தான் என்று நண்பர்களோடு பேசியது காதுக்குப் போய்விட்டது. சுமார் இரண்டு வாரம் ஸ்டெட்டின் சிறையில் இருந்தார். இவர் இல்லாமல் வி-2 வேலை நடக்காது என்று டோர்ன்பெர்கரும் அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பீரும் சொல்லித்தான் வெளியே வந்தார். அந்தச் சிறைவாசத்துக்குப் பிறகு எதிர்த்துப் பேசத் துணிவு வரவில்லை என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்று, புக்கன்வால்டுக்கு நேரில் போய் ஆள் பொறுக்குவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. சிறையிலிருந்து வந்த அடுத்த ஐந்து மாதத்துக்குள் எழுதியதுதான் அந்த ஆகஸ்ட் கடிதம். அதில் பயந்தவனின் தயக்கம் தெரியவில்லை. உடனே போனேன் என்று சொல்லும் சுறுசுறுப்புதான் தெரிகிறது.

வேறு வழியே இல்லையா என்றால், வில்லி லே என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். அதே பெர்லின் ராக்கெட் கூட்டத்தில் வான் பிரவுனுக்கு மூத்தவர், அதன் தூண்களில் ஒருவர். நாஜிகள் வந்த பிறகு நிலைமை பிடிக்காமல் 1935-ல் நாட்டைவிட்டே கிளம்பி அமெரிக்கா போய்விட்டார். அதற்கு அவர் கொடுத்த விலை சின்னதில்லை. பெரிய ராக்கெட் ஒன்றையும் அவர் வாழ்நாளில் கட்ட முடியவில்லை. விண்வெளி பற்றி எழுதிப் பிழைத்தார். வான் பிரவுனுக்கும் 1932-ல், 1937-ல், 1940-ல் அந்த வழி இருந்தது. ஒவ்வொரு முறையும் ராக்கெட்டா, வேறு எதுவுமா என்று வந்தபோது அவர் ராக்கெட்டை எடுத்தார். 1943-ல் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது என்பது உண்மைதான். அடைபடும்வரை அந்தப் பாதையில் போனதும் அவர்தான்.

இனி போருக்குப் பின். என் மனம் உறுதியாக நிற்கும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1945 மே 2 அன்று அவரும் தோழர்களும் ஆஸ்திரிய எல்லை அருகே அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஏப்ரல் 11-ல், அதே அமெரிக்கப் படைதான் நோர்ட்ஹவுசெனுக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கான பிணங்களைப் பார்த்திருந்தது. பிறகு அந்தச் சுரங்கத்திலிருந்து சுமார் 100 வி-2 கட்டுவதற்கான பாகங்களை ரயில் ரயிலாக ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், சோவியத் படை வந்து சேருவதற்குள். பாகங்களோடு ஆட்களையும். தீவிர நாஜிகளை அழைத்துவரக் கூடாது என்று விதி இருந்தது. வான் பிரவுன் பாதுகாப்புக்கு ஆபத்தானவராக இருக்கலாம் என்று 1947-ல் வந்த அறிக்கை, அடுத்த வருடம் ஆபத்தில்லாதவர் என்று மாறியது. கறையில் ஒரு பங்கு அந்த அரசுக்கும் போகும். அவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே பல இடங்களில் வரவில்லை. கேள்வி கேட்கவே யாரும் விரும்பவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1950-ல் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில். 1955-ல் குடியுரிமை. அதே வருடம் டிஸ்னி தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். 1958-ல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர்-1. 1960-லிருந்து நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தின் தலைவர். 1969-ல் நிலவு. சாட்டர்ன்-5 பதிமூன்று முறை கிளம்பியது, ஒரு முறைகூட ஓர் உயிரைப் பறிக்கவில்லை. அந்த எச்சரிக்கையும் நேர்த்தியும் அவர் வளர்த்த பண்பாடு.

அந்தப் பண்பாட்டைப் பற்றி ஒரு பிரபலமான சம்பவம் உண்டு. ஒரு ரெட்ஸ்டோன் ஏவுகணை கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தறிகெட்டுப் போனது. காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பொறியாளர் தானாக வந்து, ஏவுவதற்கு முன் ஓர் இணைப்பை இறுக்கும்போது என் ஸ்க்ரூடிரைவர் பட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சோதித்தார்கள், அதேதான். வான் பிரவுன் அவருக்கு ஒரு ஷாம்பெயின் பாட்டில் அனுப்பி வைத்தார். தப்பை ஒளிக்காமல் சொன்னவனைத் தண்டிக்கக் கூடாது, உண்மை தெரிந்தால்தான் அடுத்த ராக்கெட் ஒழுங்காகப் போகும் என்பது அவர் பாடம். பொறியியல் மாணவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் தன் விஷயத்தில் என்ன செய்தார்? அமெரிக்காவில் 32 வருடம் வாழ்ந்தார். கெஸ்டபோ இல்லை, ஹிம்லர் இல்லை. உலகமே கேட்கும் ஒலிபெருக்கி கையில் இருந்தது. கெஸ்டபோ தன்னைப் பிடித்துப் போனதைப் பற்றிச் சொன்னார். வி-2 விழுந்து இறந்தவர்களுக்காக வருத்தம் தெரிவித்தார், போர் என்றால் போர்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். டோராவைப் பற்றி, யாராவது விடாமல் கேட்டால் மட்டும் பேசினார். 1966-ல் பிரான்சில், பிழைத்துவந்த கைதிகள் பத்திரிகையில் குரல் எழுப்பியபோது ஒரு மறுப்பு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் டோரா காவலர்கள் மீது வழக்கு நடந்தபோது, 1969 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்தில் ஒரு சாட்சியம். அங்கு நிலைமை மோசமாக இருந்தது, ஆனால் எனக்கு அதில் அதிகாரம் இல்லை, சாவை நான் பார்க்கவில்லை என்பதே எப்போதும் அவர் சொன்னதன் சாரம். புக்கன்வால்டுக்குப் போய் ஆள் தேர்ந்தெடுத்ததை அவராக வந்து சொல்லவில்லை. அந்தச் சாட்சியத்துக்கு ஐந்து மாதம் கழித்து அப்போலோ-11 கிளம்பியது. வில்லி லே அதைப் பார்க்கவில்லை. ஜூன் 24-ல் இறந்துவிட்டார்.

ஒரு ஸ்க்ரூடிரைவர் பட்டதை ஒப்புக்கொண்டவனுக்கு ஷாம்பெயின் அனுப்பியவர், இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். நான் போனேன், பார்த்தேன், ஆள் எடுத்தேன், என் ராக்கெட் அப்படித்தான் தயாரானது என்று நாலு வரி. அமெரிக்காவில் அதற்காக அவரை யாரும் சிறையில் போட்டிருக்கப் போவதில்லை. பெயர் கொஞ்சம் கெட்டிருக்கும், நிலவுப் பயணத்தின் தலைமை கை நழுவியிருக்கலாம். மறுபடியும் ராக்கெட்டா, வேறு எதுவுமா என்ற அதே கேள்வி. ஜெர்மனியில் அவர் மௌனத்துக்கு உயிர்ப்பயம் காரணம் என்று நான் ஏற்றுக்கொள்வேன். ஹண்ட்ஸ்வில்லில் அந்த மௌனத்துக்கு என்ன காரணம் சொல்வது?

அந்த மௌனம் அவரோடு முடியவும் இல்லை. மிட்டல்வெர்க்கில் உற்பத்தியை நேரடியாக நடத்திய ஆர்தர் ருடால்ஃப் தான் பிறகு சாட்டர்ன்-5 திட்டத்தின் மேலாளர். 1943-லேயே வதைமுகாம் கைதிகளை ராக்கெட் உற்பத்திக்குப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை செய்தவர் அவர். அமெரிக்க நீதித்துறை கேள்வி கேட்கத் தொடங்கிய பின், 1984-ல் வழக்கைத் தவிர்க்கக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து ஜெர்மனிக்குத் திரும்பினார். 1977-ல் புற்றுநோயில் இறந்துபோன வான் பிரவுனுக்கு அந்தக் கேள்விகள் வரவே இல்லை.

நிலவு ஒரு தட்டில், டோரா ஒரு தட்டில் வைத்துத் தராசு பிடிப்பதைப் பலர் செய்கிறார்கள். உங்கள் கேள்வியிலும் அது இருக்கிறது. எனக்கு அந்தத் தராசே பிடிக்கவில்லை. அடுத்தவன் உயிரைத் தட்டில் வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது? சுரங்கத்தில் செத்த போலந்துக்காரனோ ரஷ்யனோ பிரெஞ்சுக்காரனோ, என் உயிரை எடுத்துக்கொண்டு நிலவுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அப்போலோ பெரிய சாதனை. டோரா பெரிய குற்றம். ஒன்று இன்னொன்றைக் கழிக்காது, குறைக்கவும் செய்யாது. இரண்டையும் முழுசாக நினைவில் வைத்துக்கொள்வது சிரமம், ஆனால் முடியாதது இல்லை.

அறைத்தோழனுக்கு ஒன்று சொல்லுங்கள். "நாஜி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் வான் பிரவுனும் தப்பிக்கிறார். நாஜி என்றால் நம்மைப்போல இல்லாத ஏதோ ஒரு ராட்சசன் என்று ஆகிவிடும். வான் பிரவுன் யூத வெறுப்பை மேடையில் கக்கியவர் இல்லை, கொள்கை வெறியரும் இல்லை. தன் வேலையை உயிருக்கும் மேலாக நேசித்தவர். யாருடைய உயிருக்கு மேலாக என்பதுதான் விஷயம்.

படத்தைப் பற்றி. ஜெர்மனியில் ஃப்ரீட்பெர்க் என்ற ஊரில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருந்தது. பல வருட வாதத்துக்குப் பின் 2014-ல் பெயரை எடுத்துவிட்டார்கள். ஹண்ட்ஸ்வில்லில் அவர் பெயரில் உள்ள பெரிய அரங்கம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. நான் கிழித்துவிட்டேன் என்று சொன்னேன் இல்லையா, அது கோபத்தில் செய்தது. இன்று என்னைக் கேட்டால், பள்ளிக்கு அவர் பெயர் வேண்டாம் என்பேன். ஏனென்றால் பெயர் வைப்பது "இவரைப்போல ஆகுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்வது. உங்கள் அறைப் படம் அப்படி இல்லை. எஃப்-1 எஞ்சினைப் பார்த்து மனசு விரிகிறது என்றால் அந்த எஞ்சின் படமாகவே ஒன்றை வாங்கி ஒட்டுங்கள். அவர் படமே இருக்கட்டும் என்று தோன்றினால், 1944 ஆகஸ்ட் 15 கடிதத்தின் நகலையும் பக்கத்தில் ஒட்டுங்கள். பார்க்கிறவர்கள் கேட்பார்கள், நீங்கள் சொல்லலாம்.

நாளைக்கு நீங்கள் ஜெர்மனியில் மேல்படிப்புக்குப் போனால் நோர்ட்ஹவுசெனுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுரங்க வாயில்களை 1940-களின் கடைசியில் சோவியத் படையினர் வெடி வைத்து மூடினார்கள். 1995-ல் புதிதாக ஒரு வழி வெட்டி, கொஞ்ச தூரம் உள்ளே போய்ப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். கைதிகள் படுத்திருந்த குறுக்குச் சுரங்கம் அந்தப் பகுதியில்தான் வருகிறது. உள்ளே ஒரு பகுதியில் நிலத்தடி நீர் ஏறி நிற்கிறது. யாரும் எடுத்துப் போகாத வி-2 பாகங்கள் அந்தத் தண்ணீருக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.